பிடில் எப்போது வயலின் ஆனது? பக்கவாத்தியத்திலிருந்து ஜாஸ் மேடைக்கு

புனேயில் என்னோடு ஆய்வு செய்யும் மராத்தி நண்பர் ஒருவர் ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரு கேள்வி எழுப்பினார். அந்த வயலின் கலைஞர் ஜாஸ் இசையை யாரிடம் கற்றார் என்பதே கேள்வி. எல். சங்கர் ஜாஸ் கற்ற வரலாற்றைவிட, அவர் பக்கவாத்தியம் கற்ற வரலாறுதான் அந்த இசையை விளக்கும் என்றேன். நண்பருக்கு இது விசித்திரமாகப் பட்டது. காரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் வயலின் என்றதும் நினைவுக்கு வருபவர்கள் கஜானன்ராவ் ஜோஷியும் வி. ஜி. ஜோகும், தபலாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மேடையின் நடுவில் அமர்ந்து ராகத்தை விரித்தவர்கள். பாடகரின் பின்னால் நிழலாகப் போவது இங்கே பெரும்பாலும் சாரங்கியின் வேலை, ஹார்மோனியத்தின் வேலை. தமிழ்நாட்டில் அந்த நிழலின் பெயர் வயலின். நண்பருக்கு வாய்மொழியாகச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

மொழியியல் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் கருவிக்குத் தமிழில் நெடுங்காலம் வழங்கிய பெயர் பிடில். ஆங்கிலத்தின் ‘ஃபிடில்’ தமிழ் நாவில் பிடில் ஆனது. உரசொலி ஃப தடையொலி பகரமாக மாறியது. ‘ஃபீஸ்’ பீசு ஆனதும் இப்படித்தான். இதில் வியப்பில்லை. வியப்பு பொருளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபிடிலும் வயலினும் ஒரே மரப்பெட்டிதான். எனினும் கிராமத்து நடனத்துக்கு வாசித்தால் ஃபிடில், கச்சேரி மண்டபத்தில் வாசித்தால் வயலின். ஒரே கருவிக்கு இரண்டு வர்க்கங்கள், இரண்டு பெயர்கள். தமிழ் இந்தப் பாகுபாட்டை இறக்குமதி செய்யவில்லை. திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யரையும் திருச்சி கோவிந்தசாமிப் பிள்ளையையும் பிடில் வித்வான் என்று அழைத்தவர்கள் அதை உயர்ந்த பட்டமாகவே கருதினார்கள். பின்னர் அச்சில் வயலின் என்ற சொல் பரவியபோது பிடில் மெல்ல ஒதுங்கியது. ரோம் எரிந்தபோது நீரோ மட்டும் இன்னும் பிடில் வாசித்துக்கொண்டிருக்கிறான்.

ஏன் ‘ஃபிடில்’ முதலில் வந்தது? இதற்கு விடை, கருவி வந்த வழியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (பிறப்பு 1786) சென்னைக்கு அருகே மணலியில், கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்புடைய முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ஓர் ஐரோப்பியரிடம் இக்கருவியைக் கற்றார். அதே சூழலில் அண்ணன் தீட்சிதர் கம்பெனி வாத்தியக் குழுக்களின் மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். சுமார் 40 உருப்படிகளாக இன்று நோட்டுஸ்வரங்கள் என்று வழங்குபவை அவை. அவற்றில் ஒன்று பிரிட்டிஷ் அரசவாழ்த்தின் மெட்டு என்பது பலருக்குத் தெரியும். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் நடன மெட்டுகளும் அவற்றுள் உண்டு என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. சிப்பாய்களும் வணிகர்களும் ஆடிய மெட்டுகள் அவை. தமிழர்கள் முதலில் கேட்டது கச்சேரி மண்டபத்தின் வயலினை அன்று, படைவீட்டின் ஃபிடிலை என்பதற்குப் பிடில் என்ற கடன்சொல்லே சான்று என்பது என் ஊகம். அதாவது இந்தக் கருவி நம்மிடம் வரும்போதே நாட்டாரிசைக் கருவியாக வந்தது. நாம்தான் அதைச் சாஸ்திரியமாக்கினோம்.

இதில் புனேவாசிகளுக்கு ஓர் உறவு முறையும் உண்டு. புனேயை ஜாகீராகப் பெற்றிருந்த ஷாஹாஜியின் மகன் ஏகோஜி தஞ்சையில் நிறுவிய மராட்டிய அரசின் வழியில் வந்தவர் இரண்டாம் சரபோஜி. ஐரோப்பிய இசைக்கருவிகளுக்கும் வாத்தியக் குழுவுக்கும் தம் அரசவையில் இடம் தந்தவர் அவர். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு அந்த அரசவைச் சூழலில் வளர்ந்து, பின்னர் திருவிதாங்கூருக்குச் சென்றார். சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார்.

அடுத்த நூறு ஆண்டுகளில் பிடில் கச்சேரி மேடையில் நிலைத்த இடத்தைப் பெற்றது. அந்த இடம் பாடகரின் இடப்பக்கம். மனிதக் குரலின் கமகங்களை இவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றக்கூடிய வேறு கருவி அருகில் இல்லை. கருவியின் சுருள் முனையைக் கணுக்காலில் ஊன்றித் தரையில் அமர்ந்து வாசிக்கும் முறையால் இடக்கை கருவியைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டது. விரல் தந்தியில் வழுக்கிச் செல்ல முடிந்தது. கருவிக்கு வந்த வாழ்வு இது. கலைஞருக்கு வந்தது வேறு. பாடகர் ஆலாபனையில் ஒரு பிடியை எடுத்தால், அது முடியும் முன்பே வயலின் ஒரு கணம் பின்தங்கி அதைத் தொடர வேண்டும். பாடகர் நிறுத்தியபின் தனக்குக் கிடைக்கும் இடைவெளியில் தன் ராகத்தை வாசிக்கலாம். ஆனால் பாடகர் எடுத்துக்கொண்ட நேரத்தை மிஞ்சக்கூடாது. நிரவலிலும் கல்பனாசுவரத்திலும் பதில் சொல்லலாம், பேச்சைத் தொடங்க முடியாது.

இந்தப் பின்தொடர்தலை வெறும் நகலெடுப்பு என்று எண்ணுவோருக்கு மொழியியலிலிருந்து ஒரு செய்தி. 1973இல் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். காதில் ஒலிக்கும் பேச்சைக் கேட்கக் கேட்கவே திருப்பிச் சொல்லும் சோதனை அது. சிலர் ஏறத்தாழ கால் வினாடி மட்டுமே பின்தங்கிச் சொன்னார்கள். அவர்கள் செய்த பிழைகள்கூட வாக்கியத்தின் இலக்கணத்துக்குப் பொருந்தியே இருந்தன. அவர்கள் ஒலியை எதிரொலிக்கவில்லை, இலக்கணத்தைக் கொண்டு அடுத்த சொல்லை எதிர்நோக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது முடிவு. பக்கவாத்திய வயலின் செய்வதும் இதைத்தான். எதிரிலிருப்பவர் அடுத்து எங்கே போவார் என்பதை, அவர் போவதற்குச் சற்று முன்பே ராகத்தின் இலக்கணத்திலிருந்து அறிந்துகொள்வது. அப்படி அறிந்தும் முந்தாமல் இருப்பது இன்னும் கடினம்.

ஜாஸ் இசையில் வயலினின் கதை வேறு. நியூ ஆர்லியன்ஸின் தொடக்ககாலக் குழுக்களில் வயலினுக்கு மதிப்பான இடம் இருந்தது. அந்நகரின் புகழ்பெற்ற நடனக் குழுவொன்றை நடத்திய ஜான் ரோபிஷோ வயலின் கலைஞர்தான். பித்தளைக் கருவிகளும் டிரம்ஸும் ஓங்கியபோது வயலின் காதில் விழாமல் போயிற்று. 1934இல் பாரிசில் ஸ்தெஃபான் கிராப்பெல்லியும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் தொடங்கிய குழுவில் டிரம்ஸும் இல்லை, பித்தளைக் கருவிகளும் இல்லை, தந்திக் கருவிகள் மட்டுமே இருந்தன என்பது தற்செயல் அன்று. நம்மிடம் குரலுக்கு நெருக்கம் என்பதால் மேடையேறிய கருவி, அங்கே ஒலி போதாமல் மேடையின் ஓரத்துக்குப் போனது.

அந்த ஜாஸ் புனேக்கு மிக அருகில்கூட வந்தது. 1935இல் பம்பாய் தாஜ் ஓட்டலில் வாசித்த கறுப்பின அமெரிக்க ஜாஸ் குழுவின் தலைவர் லியோன் அப்பி ஒரு வயலின் கலைஞர். பம்பாயின் நடன அரங்குகளில் ஜாஸ் வாசித்த கோவாக் கலைஞர்கள் பலர் தேவாலயப் பள்ளிகளில் இசைக்குறிப்பு படித்து வளர்ந்தவர்கள். அவர்களும் அவர்களுடைய உறவினர்களும் பின்னர் இந்தித் திரையிசைக் குழுக்களை நிரப்பினார்கள். வயலின் ஆசிரியர் அந்தோணி கொன்சால்வஸ் 1958இல் பம்பாயில் ராகங்களை மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு எழுதி அரங்கேற்ற முயன்றார். மாணவர் பியாரேலால் தம் ஆசிரியரின் பெயரை ஒரு திரைப்பாட்டில் வைத்து நாடெங்கும் முணுமுணுக்க வைத்தது பின்னாளில். இந்த வழி எழுதப்பட்ட தாளின் வழி. சங்கர் வந்தது இதற்கு நேர் எதிரான, செவிவழி மரபிலிருந்து.

அதே 1958இல் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான வன்செயல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்துவந்த வயலின் வித்வான் வி. லட்சுமிநாராயணய்யர் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். யாழின் பெயரைத் தாங்கிய ஊரில் பிடில் கற்று வளர்ந்த பிள்ளைகள் மூவர்: எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர். வயலின் தனித்து நின்று உலக மேடைகளில் ஒலிக்க வேண்டும் என்பது தந்தையின் வேட்கை. தனிக் கச்சேரி அவர் கண்டுபிடித்ததன்று. துவாரம் வெங்கடசாமி நாயுடு முன்பே அதை நிலைநாட்டியிருந்தார். ஆனால் இந்தக் குடும்பத்தில் அது ஒரு திட்டமாகவே இருந்தது. மூன்று சகோதரர்களும் வயலின் மூவராகக் கச்சேரி செய்தார்கள். சுப்பிரமணியமும் சங்கரும் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்ற மூத்தவர்களுக்குப் பக்கவாத்தியமும் வாசித்தார்கள். ஒரு பக்கம் தலைமை இருக்கைக்கான பயிற்சி, மறுபக்கம் இரண்டாம் இருக்கையில் பிழைப்பு. வேரோடு பெயர்ந்து வந்த குடும்பத்துக்கு இரண்டுமே தேவைப்பட்டிருக்கும்.

சங்கர் 1969இல் அமெரிக்கா சென்று கனெக்டிகட்டிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இன இசையியல் படித்தார். தென்னிந்திய இசைக்கு அந்நாட்டில் அதைவிட நல்ல இடம் அப்போது இருந்திருக்க முடியாது. பாலசரசுவதியின் சகோதரர்கள் டி. விசுவநாதனும் டி. ரங்கநாதனும் அங்கே கற்பித்தார்கள். எஸ். ராமநாதனும் கற்பித்தார், அவரிடம் வீணை கற்றவர்களில் ஒருவர் ஜான் மெக்லாஃப்லின். ஆர்னெட் கோல்மன், ஜிம்மி கேரிசன் போன்ற ஜாஸ் கலைஞர்களையும் சங்கர் அந்த ஆண்டுகளில்தான் சந்தித்தார். 1974இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள்: தென்னிந்தியச் சாஸ்திரிய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை.

சங்கரைப் பற்றி எழுதுவோர் பட்டத்தைக் குறிப்பிடுகிறார்கள், ஆய்வின் பொருளை ஒரு வரித் தகவலாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த வரலாற்றின் திறவுகோலே அதுதான். பக்கவாத்தியத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி முடித்த அடுத்த ஆண்டே அவர் பக்கவாத்தியமே இல்லாத ஒரு குழுவில் அமர்ந்தார். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் ‘சக்தி’ வாசித்தது ஒலிப்பதிவாகி, மறு ஆண்டு இசைத்தட்டாக வெளிவந்தது. கிதாரில் மெக்லாஃப்லின், வயலினில் சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் வெஸ்லியனில் கற்பித்த ராமநாதபுரம் ராகவன். எல்லாரும் தரையில் அமர்ந்து வாசித்தார்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் செவியைப் பிளக்கும் மின்கிதார் வாசித்த மனிதர் இங்கே சப்பணமிட்டு, மின்சாரமில்லாத கிதாரை மடியில் வைத்திருந்தார். பாடகர் இல்லை. எனவே யார் யாருக்குப் பக்கவாத்தியம் என்ற கேள்வியும் இல்லை.

அந்தத் தட்டைக் கவனித்துக் கேளுங்கள். கிதார் ஒரு பிடியை வீசுகிறது. வயலின் அதைப் பிடித்துத் திருப்பி எறிகிறது. நீளம் குறைந்துகொண்டே வந்து, இறுதியில் இரண்டும் ஒரே கோர்வையில் இணைகின்றன. ஜாஸ் மரபிலும் நான்கு நான்கு அளவுகளாக மாற்றி மாற்றி வாசிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் இங்கே நடப்பதன் வேகமும் நெருக்கமும் கல்பனாசுவரத்தில் பாடகருக்குப் பதில் சொல்லிப் பழகிய கையினுடையவை. சங்கர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன முதன்மையான கைச்சரக்கு ராகங்கள் அல்ல, கேட்கும் திறன். இரண்டாம் இருக்கையில் கற்றதை முதலாம் இருக்கைக்கு எடுத்துச்சென்றார். ஜாஸ் அவருக்குத் தந்தது இலக்கணத்தைவிட இடத்தை என்று சொல்லலாம்.

இந்தச் சந்திப்பு 1975இல் சாத்தியமானதற்கு ஜாஸின் உள்வரலாறும் காரணம். 1959இல் மைல்ஸ் டேவிஸ் கோர்டுகளின் இடைவிடாத நகர்வைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் தங்கி வாசிக்கும் வழியைத் திறந்தார். ஜான் கோல்ட்ரேன் அதே வழியில் இந்திய இசையை நோக்கி நடந்து, மகனுக்கு ரவி என்றே பெயரிட்டார். 1969இல் டேவிசோடு ஒலிப்பதிவு செய்த மெக்லாஃப்லின் அந்தப் பள்ளியில் தேறியவர். ஆகவே ‘சக்தி’யில் கோர்டு நகர்வை விட்டுக்கொடுப்பது அவருக்குப் பெரிய தியாகமாக இருந்திருக்காது. கருவியையும் அதற்கேற்ப மாற்றினார். ஒலித்துளையின் குறுக்கே சுருதித் தந்திகள் பொருத்திய, மெட்டுகளுக்கிடையே மரம் குடையப்பட்ட கிதார் அது. வீணை கற்ற விரலுக்குத் தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் கொண்டுவர அந்தக் குழிவு வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் விட்டுக்கொடுத்தது என்ன? சொல். ‘சக்தி’யில் கிருதி இல்லை, சாகித்தியம் இல்லை. தெலுங்கோ வடமொழியோ தமிழோ அங்கே ஓர் எழுத்தும் ஒலிக்கவில்லை. தாளச்சொற்கள் தப்பிப் பிழைத்தன. தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து. பொருளற்ற அசைகள் என்பதால்தான் அவற்றுக்குச் சுங்கச்சாவடியில் தடையில்லை. பொருளுள்ள சொல்லுக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. இதை இழப்பு என்று மட்டும் சொல்ல நான் தயங்குகிறேன். சாகித்தியம் பாடகரின் சொத்தாக இருந்தவரை வயலின் இரண்டாம் இருக்கையில்தான் இருக்க முடியும். 2023இல் வெளிவந்து மறு ஆண்டு கிராமி விருது பெற்ற ‘சக்தி’யின் இசைத்தட்டில் வயலின் வாசித்தவர் கணேஷ் ராஜகோபாலன். அவரும் தம்பி குமரேஷும் ‘ராகப்ரவாகம்’ என்ற பெயரில் சாகித்தியமில்லாத உருப்படிகளைக் கருவிக்கென்றே இயற்றியவர்கள். சொல்லை விட்டது அயல்மேடையின் நிர்பந்தம் மட்டுமன்று, வயலினின் உள்விருப்பமும்கூட.

1978இல் குழு கலைந்தபின் சங்கர் பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலினை வடிவமைத்து, கென் பார்க்கரைக் கொண்டு செய்வித்தார். தாழ்ந்த முரல் ஒலியிலிருந்து உச்ச ஸ்வரம்வரை ஒரே கருவியில் கிடைத்தது. நார்வே நாட்டார் மெட்டுகளில் ஊறிய சாக்சஃபோன் கலைஞர் யான் கார்பரெக்கோடு அதை வாசித்தார். 1989இல் பீட்டர் கேப்ரியல் வெளியிட்ட ‘பேஷன்’ தட்டில் ஆப்பிரிக்க, மத்திய கிழக்குக் கருவிகளோடும் நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலோடும் இந்த வயலின் சேர்ந்தது. அண்ணன் சுப்பிரமணியம் 1984இல் கிராப்பெல்லியோடு சேர்ந்து தட்டு வெளியிட்டு, பின்பு மேற்கத்திய சிம்பொனிக் குழுக்களின் பக்கம் போனார்; அது தனிப் பதிவுக்குரியது.

என்னை உறுத்துவது வேறொன்று. ‘வேர் இசை’ என்று மேற்கில் விற்பனையான இந்தக் கலப்பில் நார்வேயின் வேர் இருந்தது, செனகலின் வேர் இருந்தது. தஞ்சை மண்ணின் வேர் எங்கே? ‘சக்தி’யின் 1970களின் மூன்று தட்டுகளிலும் பறை இல்லை, உறுமி இல்லை, நையாண்டி மேளம் இல்லை. மெக்லாஃப்லினுக்கு அவை அறிமுகமாகவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவருக்கு எதை அறிமுகப்படுத்துவது என்பதை நம் சபாக்களும் சாதியும் முன்பே தீர்மானித்திருந்தன. கடல் தாண்டிய கலைஞர்கள் கடலின் இப்பக்கமிருந்த ஒரு தெருவைத் தாண்டியிருக்கவில்லை. தமிழ் நாட்டாரிசையில் பிறந்து வளர்ந்த ஒருவர் வயலினைக் கையாண்டபோது என்ன ஆயிற்று என்பதற்கு 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ இருக்கிறது. வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே வீட்டில் சந்திக்க வைக்கிறது. ஆனால் அது தாளில் எழுதி வாசித்த இசை. மனோதர்மத்துக்கு அதில் இடம் குறைவு. பறையின் முன்னால் ஒரு மனோதர்ம வயலின் அமர்ந்து, அதன் பிடியைக் கால் வினாடி பின்தங்கித் தொடர்ந்திருந்தால் என்ன ஒலித்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

நண்பர் கடைசியாக, அந்த நோட்டுஸ்வரங்களை இன்று யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டார். குழந்தைகள் என்றேன். எளிய சங்கராபரணம் என்பதால் தொடக்கநிலை மாணவர்களுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். மயிலாப்பூரில் ஏதோ ஒரு வீட்டில் இந்த மாலையிலும் ஒரு சிறுமி சுருள் முனையைக் கணுக்காலில் ஊன்றி, ஸ்காட்லாந்துச் சிப்பாய்கள் ஆடிய மெட்டை அம்மன் பாட்டாக வாசித்துக்கொண்டிருக்கக் கூடும்.